முழங்கால் புகட்டிய பாடம்

நம் கல்லூரி மைதானத்தில் ஓடிப் பழகிய என் கால்கள், பின்னாளில் அறுகம்பைக் கடலில் அலைச்சறுக்குப் பலகைமீது நிற்கப் பயின்றன. ஓர் ஆடி மாதம் அலை புரட்டியதில் முழங்கால் முறுக்குண்டு, உள்ளிருக்கும் தசைநார் அறுந்தது. தொடைத் தசைநாரில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்திய வைத்தியர், 9 மாதங்களுக்குமுன் பலகையேறின் மீண்டும் அறுதல் கூடும் என எச்சரித்தார்.

ஹற்றனில் எம் தோட்டத்து லயத்திற்கு ஊன்றுகோலுடன் திரும்பினேன். ஏற்றத்தினும் இறக்கமே முழங்காலை வருத்தும் என்பதை அப்படிகளிலேதான் அறிந்தேன். முப்பதாண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்து அச்சரிவுகளில் இறங்கிய அன்னையார், இரவுதோறும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டும் யான் ஒருநாளேனும் வினவியதில்லை. அன்று வினவினேன். “முதலில் உன் கால் குணமாகட்டும், சாமி” என்றார்.

அடுத்த ஆண்டு ஆனியில் கடலுக்கு மீண்டேன். அதற்கு முன்னரே அவரையும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். மாணவத் தம்பியரே, வீட்டிலுள்ளோர் நோவை அறிய, உமக்கொரு காயம் நேரும்வரை காத்திராதீர்.