பெயர் தெரியாத பலகை

'பெண்கள்' என்ற சொல்லை வெட்டும்போதுதான் அந்த நெடி வந்தது.

மகளிர் தின விழாவுக்கு மேடை அலங்காரம் என் பொறுப்பு. ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம், எழுத்துகளை வெட்டி ஒட்டுவோம் என்று துறையில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஃப்ளெக்ஸ் நெகிழிதானே, மண்ணைக் கெடுக்குமே என்பது என் வாதம். ஒரு கடையில் வெள்ளைப் பலகைகள் ஐந்து வாங்கி, முசிறியிலிருந்து குணசீலம் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையம் போகும் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். திருச்சியில் ஒரு லேசர் வெட்டும் கடையில் என் பழைய மாணவி வேலை பார்த்தாள். கல்யாண மேடைக்கு மணமக்கள் பெயர், வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை எல்லாம் அவள்தான் வெட்டுவாள்.

"இது என்ன போர்டு மேடம்?"

"ஃபோம் போர்டுதாம்மா."

அவள் பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம். கடைக்காரருக்குப் போன் போட்டாள். "மேடம் சொல்றாங்கல்ல, வெட்டிக் குடு" என்று பதில் வந்தது எனக்கும் கேட்டது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் ஒரு பொருளுக்குப் பெயர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

மூன்றாவது எழுத்தில் அவள் இருமத் தொடங்கினாள். ஆசிட் ஊற்றிக் கழுவிய குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கண் எரிந்தது. வெட்டிய விளிம்பு கறுத்துப் பிசுபிசுத்தது. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இயந்திரத்தின் கண்ணாடி மங்கிவிட்டதென்று அவள் சம்பளத்தில் பிடித்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. பல மாதம் கழித்து வேறொரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபோம் போர்டு என்ற ஒரே பெயரில் நம் கடைகளில் இரண்டு பலகைகள் கிடைக்கின்றன. ஒன்று, இரண்டு பக்கமும் தாள் ஒட்டி நடுவில் தெர்மகோல் இனத்து நுரை வைத்தது. மாணவர்கள் மாதிரி வீடு செய்வார்களே, அது. இன்னொன்று முழுக்க முழுக்க பி.வி.சி. நுரை. சன்போர்டு என்றும் சொல்வார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் எடையில்லாதவை. முதலாவதை ஜன்னலைத் திறந்து, புகை உறிஞ்சும் விசிறியை ஓடவிட்டு, கவனமாக வெட்டலாம். இரண்டாவதை லேசரில் வைக்கவே கூடாது. பி.வி.சி.க்குள் குளோரின் இருக்கிறது. சூடு பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பும். கண்ணீரிலும் தொண்டை ஈரத்திலும் கலந்தால் அமிலம். இயந்திரத்தின் இரும்பையும் அது அரிக்கும். சன்போர்டைக் கத்தியால் அறுக்கலாம், சுழலும் பல் வைத்த ரவுட்டரில் வெட்டலாம். ரெக்சினும் பெரும்பாலும் பி.வி.சி.தான். நான் வேண்டாமென்று ஒதுக்கிய ஃப்ளெக்ஸும் அதேதான். அதே பொருளை வேறு வடிவத்தில் விலை கொடுத்து வாங்கி, ஒரு பெண்ணின் மூச்சுக்குள் நானே அனுப்பியிருக்கிறேன்.

குற்ற உணர்ச்சியோடு அவளைப் பார்க்கப் போனபோது அவள் சமாதானம் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினாள். கடையில் சேர்ந்த புதிதில் எந்தப் பொருளுக்கு என்ன வேகம், என்ன திறன் என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் தொழில் ரகசியம், நீ பட்டனை மட்டும் அமுக்கு" என்றார்களாம். ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் துண்டு துணுக்குகளை வைத்து அவளே கண்டுபிடித்து எழுதியது அந்த நோட்டு.

அவள் முறை எளிமையானது. புதுப் பொருள் வந்தால் மூலையில் விரல்நகம் அளவுக்குச் சதுரங்களை வரிசையாக வெட்டுவாள். இடமிருந்து வலமாகத் திறன் கூடும், மேலிருந்து கீழாக வேகம் கூடும். எந்தச் சதுரம் கருகாமல், இழுக்காமல் தானாக விழுகிறதோ அதுதான் அளவு. தாள் ஒட்டிய ஐந்து மில்லிமீட்டர் நுரைப்பலகைக்கு அவள் 60 வாட் இயந்திரத்தில் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகம், 25 சதவீதத் திறன். மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகைக்கு வேகம் 12, திறன் 65. வேகம் குறைந்தால் நுரை உள்ளுக்குள் உருகிக் குழிந்துவிடும், மேலே தாள் மட்டும் உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் குறைந்தால் தீப்பிடிக்கும். அதனால் இயந்திரம் ஓடும்போது அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. கைவேலைக்கு வாங்கும் ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டுக்கும் அதே விதிதான்: திறன் குறைவு, வேகம் அதிகம். "இந்த எண்ணை அப்படியே யாரும் எடுக்கக்கூடாது மேடம். குழாய் பழசானா வலு குறையும். முறையைத்தான் எடுத்துக்கணும்" என்றாள்.

கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, வெப்பமாகத்தான் வேலை செய்யும். இதைச் சொன்னதும் உடன் பணிபுரியும் ஒருவர், "அப்ப சமையல் மாதிரிதான், பொம்பளைங்களுக்கு ஈஸியா வந்துடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

என் அப்பாயி முசிறிக் கோரையில் வாழ்ந்தவர். ஒரு தாளை வளைத்துப் பார்த்தே இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதைக் 'கைப்பக்குவம்' என்றார்கள். பாயை விற்கப் போன தாத்தாவுக்குத் தெரிந்தது 'தொழில்'. ஆணுக்குத் தெரிந்தால் ரகசியம், நுட்பம், கூலி. பெண்ணுக்குத் தெரிந்தால் பக்குவம், கைராசி, பிறவிக்குணம். பிறவிக்குணத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பக்குவம் என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அது ஒரு அறிவை எண்ணாக எழுதவிடாமல் தடுக்கும் சொல்லாகவும் இருக்கிறது என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. என் மாணவி பக்குவத்தை மில்லிமீட்டரில் எழுதிவிட்டாள். எழுதியதால் இன்னொருத்திக்குக் கொடுக்க முடிகிறது.

இப்போது அவள் அந்தக் கடையில் இல்லை. சுய உதவிக் குழுக் கடனில் ஒரு பழைய இயந்திரம் வாங்கி முசிறியிலேயே ஓர் அறையில் வைத்திருக்கிறாள். கோரைப்பாயில் வட்டம் வெட்டித் தம்ளர் வைக்கும் தட்டு செய்கிறாள். மழைக்காலத்தில் கோரை ஈரம் இழுத்துக்கொள்ளும், திறனைக் கொஞ்சம் கூட்டவேண்டும் என்று நோட்டில் குறித்திருக்கிறாள். அப்பாயி வளைத்துப் பார்த்தது இப்போது ஒரு வரியாக இருக்கிறது.

சென்ற ஆண்டு மகளிர் தினத்துக்கு மறுபடி அதே சொல்லை வெட்டினோம். தாள் ஒட்டிய பலகைதான், ஓரத்தைப் பார்த்து வாங்கினேன். புதுச் சிக்கல் ஒன்று வந்தது. ண், ள் இரண்டின் புள்ளிகளும் தனித் துண்டுகள். புகையை ஊதித் தள்ளும் காற்று அவற்றையும் தள்ளிவிட்டது. ஓலை கிழியும் என்று அஞ்சி சுவடி எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவர்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "நாம ஏன் மேடம் விடணும்?" என்று காற்றைக் குறைத்தாள். உள் சுழிகளையும் புள்ளிகளையும் முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வைத்தாள். ஒன்றும் தொலையவில்லை.

போன வாரம் ஒரு மாணவியின் கண்காட்சிக்காக இன்னொரு பலகையோடு போனேன்.

"இது என்ன போர்டு மேடம்?"

"தெரியலம்மா."

அவள் சிரித்தாள். ஜன்னலைத் திறந்தாள். ஒரு செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சினாள். பலகையின் மூலையில் தொட்டு மறுபடி தீயில் காட்டினாள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று பொருள். பச்சையாகத்தான் எரிந்தது.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கத்தியும் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.