முள் காட்டிய பாடம்

பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு பினாங்கு புறப்பட்டோம். மெனோரா சுரங்கப்பாதைக்கான ஏற்றத்தில் மகிழுந்தின் இயந்திரம் அலறியது. முள் 4,000 சுற்றுகளைத் தொட்டது.

சிவிடி வண்டியில் கியர்ப் படிகள் இல்லை. இரு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையே விகிதத்தை மாற்றுகிறது. ஏற்றத்தில் கூடுதல் ஆற்றல் தேவைப்படுவதால் சுற்று உயர்வது இயல்பே. ஆயினும், கோலகங்சாரைக் கடந்து சமதளத்தில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோதும் முள் இறங்கவில்லை. வழக்கமாக அங்கே 2,000ஐ ஒட்டியே நிற்கும். பின்னிருக்கையில் பிள்ளைகளின் பேச்சு நின்றுபோயிற்று. அண்மையில் வண்டியைப் பார்த்த பட்டறைக்காரரை மனத்துக்குள் கடிந்துகொண்டேன்.

ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தால், ஏற்றத்தில் நானே ‘எஸ்’ நிலைக்குத் தள்ளிய கியர்த் தண்டு அப்படியே இருந்தது! ‘டி’க்கு மாற்றியதும் ஓசை அடங்கியது. தவறு என்னுடையது.

பெற்றோர்களே, ‘டி’ நிலையிலும் சமதளத்தில் சுற்று இறங்காவிடில் தாமதியாமல் பட்டறைக்குச் செல்லுங்கள். வண்டிக்குரிய சிவிடி எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் மாணவன் திணறும்போதும் அவனைக் கடியுமுன் நம் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்போமா?