நெஞ்சைக் குறிவைத்த எழுத்து

ஒரு நாவல் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. ஆனால், எவருக்காக அந்நாவல் எழுதப்பட்டதோ அவர்களுடைய வாழ்வு உடனே மாறவில்லை. வெற்றியும் ஏமாற்றமும் ஒருங்கே வாய்த்த அந்நாவலின் ஆசிரியர், அமெரிக்க எழுத்தாளரும் இதழாளருமான அப்டன் சின்கிளேர்.

அவர் 1878ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மது விற்பனையாளர், அம்மதுவுக்கே அடிமையானவர். குடும்பம் எளிய வாடகை அறைகளில் வறுமையோடு வாழ்ந்தது. தாய்வழி உறவினரோ பெருஞ்செல்வர். இருவகை வாழ்வையும் மாறிமாறிக் கண்ட சிறுவனின் உள்ளத்தில், 'இந்த ஏற்றத்தாழ்வு ஏன்?' என்னும் வினா வேரூன்றியது. நியூயார்க்கில் கல்லூரியில் பயின்றபோதே நகைச்சுவைத் துணுக்குகளும் மலிவுவிலைக் கதைகளும் எழுதிப் பொருளீட்டினார்.

'அப்பீல் டு ரீசன்' என்னும் சோசலிச வார இதழ், தொழிலாளர் வாழ்வை நாவலாக எழுதுமாறு கூறி அவருக்கு 500 டாலர் அளித்தது. 1904ஆம் ஆண்டு அவர் சிகாகோவின் இறைச்சித் தொழிற்கூடங்களை நாடிச் சென்று ஏழு வாரங்கள் தங்கினார். பழைய உடையும் கையில் ஓர் உணவுத் தூக்குவாளியுமே அவருக்கு நுழைவுச்சீட்டாயின. தொழிலாளருள் ஒருவரெனக் கருதி, யாரும் அவரைத் தடுக்கவில்லை. பகலில் கண்டும் இரவில் தொழிலாளர் இல்லங்களில் கேட்டும் செய்திகளைத் திரட்டினார்.

அவ்வாறு உருவானதே 'தி ஜங்கிள்'. லிதுவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூர்கிஸ் என்னும் இளைஞனின் குடும்பம், குறைந்த கூலியாலும் கடன்சுமையாலும் விபத்தாலும் சிதைவதை அது சித்திரிக்கிறது. கெட்டுப்போன இறைச்சி விற்பனைக்கு வந்ததைக் கூறும் பகுதிகள் நூலில் மிகச் சிலவே. பதிப்பகங்கள் பல மறுத்த பின்னர், ஒரு பதிப்பகம் தன் ஆளைச் சிகாகோவுக்கு அனுப்பி உண்மையை உறுதிசெய்துகொண்டு, 1906இல் அதனை வெளியிட்டது.

நாடு கொதித்தெழுந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய இருவர் குழுவும் தொழிற்கூடங்களின் சீர்கேட்டை நேரில் கண்டு உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள், இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒப்புதல் பெற்றன.

சின்கிளேர் முழு மகிழ்ச்சி கொள்ளவில்லை. மக்கள் தம் தட்டில் உள்ள இறைச்சியை எண்ணி அஞ்சினர். அதனை வெட்டித் தந்த கைகளை எண்ணி வருந்தியவர் சிலரே. மக்களின் நெஞ்சைக் குறிவைத்த தம் அம்பு தவறி வயிற்றில் தைத்தது என்ற கருத்தில் அவரே பின்னாளில் எழுதினார்.

ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பணத்துக்குப் பணியும் செய்தித்தாள்களைக் கண்டித்து நூல் எழுதினார். 1934இல் வறுமை ஒழிப்பை முழக்கமாக்கிக் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 1943இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1967இல் புதிய இறைச்சிச் சட்டம் கையெழுத்தான விழாவிற்கு, 89 வயது முதியவராக வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

உண்ணும் உணவு தூயதா என வினவ எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அதனை ஆக்கியவர் உண்டாரா என்னும் வினாவையே சின்கிளேர் கற்பிக்க விரும்பினார்.