முதலில் வருவது சத்தம்

கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் சிலர் குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் த்ரில்லர் குறும்படம் எடுத்தார்கள். எடிட்டிங்கில் கூட உட்காரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். படத்தில், தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கிளம்பும் பெண் பனிக்குள் தனியே நடக்கிறாள். பின்னால் யாரோ வருகிறார்கள். அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் வயலின்கள் கிறீச்சிட்டன. "அண்ணா, இந்த வயலினை முதல்ல போட்டது யாரு?" என்று கேட்டாள் ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி.

பதிலின் முதல் பாதி சினிமா படித்த எல்லோருக்கும் தெரியும். மறுபாதியைத் தேடிப் போனபோது, அது பெரும்பாலும் இதே மலையில்தான் கிடைத்தது.

முதல் பாதி 1960-ல் வந்த 'சைக்கோ'. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து ஒன்றை எழுதிக் காட்டினார். கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறினார். உலகம் முழுக்க இன்றுவரை நகலாவது அந்தக் கிறீச்சிடல்தான். ஆனால் மூன்றே வருடத்தில் 'தி பேர்ட்ஸ்' எடுத்தபோது அதே இருவரும் பின்னணி இசையையே தூக்கிவிட்டார்கள். மின்னணுக் கருவியில் உண்டாக்கிய பறவைச் சத்தமும் நிசப்தமும் மட்டும். ஹெர்மன் அதில் ஒலி ஆலோசகராக இருந்தார். வயலினைக் காப்பியடிப்பவர்கள் இந்த இரண்டாவது முடிவையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'சைக்கோ'வின் சாயலோடு தமிழுக்கு வந்தது பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. 1980-ல் வெளியானது, இளையராஜாவுக்கு நூறாவது படம், இருவரும் சேர்ந்த முதல் படமும் அதுதான். பிரதாப் போத்தனின் சந்துரு கொலைகாரன். ஷோபாவின் ரேகாவைக் கடத்திக்கொண்டு ஊட்டியில் ஒதுக்குப்புறமான வீட்டுக்கு வருகிறான். படம் திரைக்கு வரும் முன்பே, அந்த வருடம் மே மாதம், ஷோபா இறந்துவிட்டார். அந்த முகத்தை அது தெரியாமல் இன்று பார்க்க முடிவதில்லை.

இந்தப் படத்தில் யேசுதாஸ் பாடிய கிதார் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் இரவு நேர வானொலியிலும் காதல் பாட்டாகவே ஒலிக்கிறது. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். படத்துக்குள் வைத்துப் பார்த்தால் அதைப் பாடுபவன் கடத்தியவன். எதிரில் உட்கார்ந்திருப்பவள் அவனிடமிருந்து தப்ப வழி தேடுபவள். இளையராஜா அந்த இடத்தில் மிரட்டவில்லை, மெட்டில் ஒரு முள்கூட இல்லை. அவன் எவ்வளவு இனிமையாகப் பாடுகிறானோ அவ்வளவுக்கு நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவன் காதலை அவன் நிஜமாகவே நம்புகிறான் என்பதை அந்தக் குரல்தான் சொல்லிவிடுகிறது. பயத்தைக் காதுக்குக் கொடுக்காமல், கேட்கும் நிலைமைக்குள் வைத்துவிட்ட வேலை இது. தமிழ் த்ரில்லரில் ஒலியைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொன்னால் நான் இந்தப் பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து மாணவனாக எடுத்த படத்தைப் பார்த்துத்தான் ராமு காரியாட் அவரை 'நெல்லு'வுக்கு அழைத்தார். களம் வயநாடு, நீலகிரிக்கு அடுத்த மலை. விளக்குகளைக் குவிக்காமல், ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே நம்பியவர் அவர். முகத்தில் பாதி தெரியும், மீதி இருட்டில் கிடக்கும். அந்த மீதியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன் தானாகத் தேட ஆரம்பிக்கிறான். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து, ஆபாவாணன் எழுத அரவிந்த்ராஜ் இயக்கி, 1986-ல் 'ஊமை விழிகள்' தந்தார்கள். அதன் பயம் வேறு வகை; சினிமாஸ்கோப் அகலத்தில் வெட்டவெளியைக் காட்டிக் கலங்கடித்தது. மலைக்கு அது ஒத்துவராது. இங்கே பத்தடிக்கு அப்பால் திரையே கிடையாது.

இந்தத் தேடலில் எனக்கு மிக நெருக்கமாகிப் போனது சினிமாக்காரர் ஒருவரின் பேச்சல்ல. ஊட்டியில் இந்துநகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை அங்கேதான் இருந்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து நாடெங்கும் போயின. தூசும் வெக்கையும் குறைந்த காற்று அந்த வேலைக்கு வேண்டும். இப்போது ஆலை மூடிக் கிடக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால் சில கூடங்களில் முழு இருட்டு. "யார் வர்றாங்கன்னு செருப்புச் சத்தத்துலயே சொல்லிடுவோம் தம்பி. புது ஆள் வந்தா தொண்டையைச் செருமிக்கிட்டே நடக்கச் சொல்லுவோம். செருமாம வந்தாதான் பயம்" என்றார். பயப்படுத்துவது சத்தமா, வரவேண்டிய சத்தம் வராமல் போவதா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளிடம் திரும்பினேன். வயலினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜமாக என்ன கேட்கும் என்று பதிவு செய்யப் போனோம். பனி இறங்கிய பொழுதில் காற்று அசைவதில்லை. தரையை ஒட்டிக் குளிர்காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று என்று அடுக்கு மாறிவிட்டால், மேலே கலைந்து போகவேண்டிய ஒலி வளைந்து பள்ளத்துக்கே திரும்பும். அடுத்த மேட்டுக் கோயில் ஒலிபெருக்கி பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் கேட்டது. ஆள் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே அவர் இருமல் வந்து சேர்ந்தது. ஓடைப் பக்கமாக ஒரு கருநீலப் பறவை பாடியது; பொழுதுபோகாத பையன் விசிலடிப்பதைப்போலவே இருக்கும் அதன் பாட்டு. தோட்டத்து ஆட்களுக்கு அது பழக்கம். சமவெளியிலிருந்து வந்த மாணவிக்குக் கையில் மயிர் சிலிர்த்துவிட்டது. மைக்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

கேமராவிலும் ஒன்று மாறியது. முன்பு, அவள் திரும்பும்போதெல்லாம் அவள் பார்க்கும் திசைக்கு ஒரு ஷாட் வைத்திருந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்த ஷாட்கள் இல்லை. கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. பின்னால் கற்பூர மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியில் கரைகின்றன. ஈரச் சருகில் அவள் செருப்புச் சத்தம், அதற்குச் சற்றுப் பிந்தி இன்னொரு செருப்புச் சத்தம். அவள் நிற்கிறாள். பின்னால் வந்தது ஓரடி கூடுதலாக வைத்துவிட்டு நிற்கிறது. பிறகு விசில்.

அந்த விசில் பறவையா, ஆளா என்று படத்தில் சொல்லிவிட வேண்டும் என்கிறான் இயக்கும் பையன். கூடாது என்கிறாள் மாணவி. நான் அவள் பக்கம். கல்லூரியில் ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. இரண்டு முடிவையும் வெட்டி வைத்திருக்கிறோம்.