காணாத எடை

வரவும் செலவும் ஒவ்வாத நாளில் தோட்டத்துக் கிராணிக்கு உறக்கம் வாராது. எழுத்தில் உள்ளதே கணக்கு என்று ஆங்கிலப் பள்ளியில் கற்று வந்தவர் நாம்.

சில ஆண்டுகளுக்கு முன், செம்பனைக் குலை வெட்டுவோர் சொன்ன கணக்குக்கும் ஆலையினின்று வந்த எடைச்சீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்டது. சீட்டு குறைவாகவே காட்டிற்று. வெட்டுவோரில் மூத்தவர் ஒருவர் நம்மிடம் வந்து, "கிராணி ஐயா, லோரி புறப்பட்டபோது ஸ்பிரிங்கு எப்படித் தாழ்ந்திருந்தது, பார்த்தீங்களா? அவ்வளவும் எங்கே போச்சு?" என்று கேட்டார். ஸ்பிரிங்கை எழுதப் புத்தகத்தில் பத்தி இல்லை என்று விடை கூறிச் சீட்டின்படியே கூலியைக் குறைத்து எழுதினோம்.

நிற்க. வானசாஸ்திரத்திலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. இரவில் நம் கண்ணுக்குத் தனித்தனியே தோன்றும் விண்மீன்கள் யாவும் பால்வீதி என்னும் ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவை. அத்தகைய மண்டலங்கள் நூறும் ஆயிரமுமாய், ஒன்றையொன்று ஈர்த்துக் கூடி நிற்கும் கூட்டங்கள் வானில் பல உள. கோமா கூட்டம் அவற்றுள் ஒன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் உடையது. அதன் ஒளி நம்மை வந்தடைய 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பண்டிதர் பிரிட்ஸ் ஸ்விக்கி, கலிபோர்னியாவில் பணியாற்றி வந்த காலத்தில், 1933ல் அக்கூட்டத்து மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவில் அவற்றின் வேகங்கள் வேறுபடக் கண்டார். இவ்வாறு ஓடுபவை சிதறாமல் ஒரே கூட்டமாய் நிலைக்க வேண்டுமாயின், அவற்றைப் பிடித்து நிறுத்தும் எடை, ஒளியைக் கொண்டு மதிப்பிட்ட எடையைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு இருத்தல் வேண்டும் என்பது அவர் கணக்கு. (தூரத்தைப் பற்றிய அக்கால மதிப்பு பிழையானதால் அத்தொகை மிகைப்பட்டது, திருத்திய பின்னும் வித்தியாசம் மறையவில்லை.) காணாத அப்பகுதியை அவர் இருட்பொருள் என்றார். நாற்பது ஆண்டுக்காலம் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1970ல் ஏவப்பட்ட உஹுரு என்னும் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிர்களை நோக்கிற்று. மண்டலங்களின் இடைவெளி வெற்றிடமன்று, கோடிக்கணக்கான டிகிரி சூடேறிய வாயு அங்கே நிறைந்துள்ளது என்பது தெளிவாயிற்று. அக்கூட்டத்து விண்மீன்கள் அனைத்தினும் அவ்வாயுவே எடை மிக்கது. தொலைந்த மூட்டை அகப்பட்டது என்று தோன்றுமன்றோ? வாயுவையும் சேர்த்துக் கூட்டினாலும் மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் தேறிற்று!

புல்லட் கூட்டத்தின் சாட்சி 2006ல் வெளிவந்தது. இரு கூட்டங்கள் மோதியதில் வாயு தடைப்பட்டுப் பின்தங்கியது. பின்னாலுள்ள மண்டலங்களின் ஒளியை வளைக்கும் பேரெடையோ வாயுவைக் கடந்து முன் சென்றிருந்தது. இருட்பொருள் எதனால் ஆனது என்பது இன்னும் அகப்படவில்லை. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமென வாதிப்போரும் உளர். இக்கூட்டத்தின் முன் அவ்வாதம் தளர்வதாகவே நமக்குப் படுகிறது.

ஸ்விக்கியைப் பற்றி நாம் படித்த இரவில் அந்த லோரிதான் நினைவில் நின்றது. அவர் ஓட்டத்தின் சாட்சியை ஏற்றார். நாம் ஸ்பிரிங்கின் சாட்சியைத் தள்ளினோம். மூன்று மாதம் கழித்து ஆலையின் தராசு பழுதென்று கண்டு திருத்தினார்கள். பழைய சீட்டுகளைத் திறக்கலாகாது என்று மேலிடத்து உத்தரவு, நாமும் வற்புறுத்தவில்லை. மூத்தவர் அதற்குள் வேலையை விட்டு மகனோடு பட்டணம் போய்விட்டார். அம்மூன்று மாதக் கூலிப் புத்தகம் நம் அலமாரியில், நம் கையெழுத்துடன் இருக்கிறது.