அன்றன்றைக்கு உள்ளது

எங்கள் சபையில் யாராவது உடம்புக்கு முடியாமல் கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு. "விசுவாசத்தை மட்டும் விட்டுடாதீங்க." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவருக்குச் சில நேரம் அது கூடுதல் சுமையாகிவிடும். வியாதியும் நாமே தாங்க வேண்டும், விசுவாசத்தையும் நாமேதான் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பதுபோல.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அதற்கு முன் நம் பக்கத்தில் வாழ்ந்து மடிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகாசி என்றால் பட்டாசும் காலண்டரும்தான் நமக்கு ஞாபகம் வரும். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி அந்த ஊரில் ராக்லண்டு ஐயர் இறந்தார். தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு. வயது 43.

இந்த மனிதர் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1841-இல் கணிதப் பரீட்சையில் நான்காவதாக வந்தவர். அங்கேயே கல்லூரியில் சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். சி.எம்.எஸ். மிஷனில் சேர்ந்து மதராசுக்கு வந்து, கொஞ்ச காலம் அலுவலகக் காரியதரிசியாகக் கணக்கும் கடிதமும் பார்த்தார். 1854-இல், டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு 'வட திருநெல்வேலி'க்குக் கிளம்பினார். இளையவர்களுக்கு இந்தப் பெயர் புரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்த்தார்கள். அப்புறம் 1985-இல் விருதுநகர் மாவட்டம்.

அவர்கள் பங்களா கட்டவில்லை. கூடாரம்தான். ஒரு தோப்பில் கூடாரம் அடிப்பது, சுற்றுக் கிராமங்களுக்கு நடந்தோ குதிரையிலோ போய்ப் பேசுவது, கூடாரத்தைச் சுருட்டி அடுத்த தோப்புக்குப் போவது. தெற்கே உள்ள சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து வந்து கூட இருந்தார்கள். அவர்கள் செலவை அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன. நம் கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் அது என்ன வாழ்க்கை என்று தெரியும். இதில் அவருக்கு நுரையீரல் பழுது வேறு. அதைத் தெரிந்துகொண்டேதான் வந்தார். நாலு வருஷம் ஓடியது. ஒரு நாள் நெஞ்சிலிருந்து ரத்தம் வந்தது, முடிந்துவிட்டது. அவர் உயிரோடிருந்த வரை விளைச்சல் என்று எண்ணிக் காட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. சபைகள் பெருகியதெல்லாம் பிற்பாடு.

அவரைப் பற்றி 1922-இல் புத்தகம் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா. எழுதி ஒன்பது வருஷம் கழித்து, 1931-இல், களக்காட்டில் அந்த அம்மாவே கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கைதான். அவருக்காக ஜெபிக்க ஆளா இல்லை? வீடு நிறையப் பிள்ளைகள். அவரும் எழுந்து நடக்கவில்லை. படுத்துக்கொண்டே புத்தகங்கள் எழுதினார். அவர் கல்லறையில் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு பேரிடமும் விசுவாசக் குறைவு இருந்தது என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆனால் என் வீட்டுக்காரியிடம் சொன்னார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ராஜபாளையத்தில் முதலுதவி, அங்கிருந்து மதுரை, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. பேச்சு முக்கால்வாசி திரும்பியது. கை திரும்பவில்லை. அந்த வருஷம் ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. "அம்மா, உங்க விசுவாசத்துலதான் குறை இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. குழறிய பேச்சிலேயே, "தம்பி, குறை ரத்த ஓட்டத்துலன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். அப்புறம், "மாற்கு ரெண்டாம் அதிகாரத்துல திமிர்வாதக்காரனைக் கட்டிலோட நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்கல்ல? இயேசப்பா யாரோட விசுவாசத்தைப் பார்த்தாருன்னு போட்டிருக்கு? தூக்கிட்டு வந்தவங்களோடதுதானே? படுத்துக் கிடந்தவன்கிட்ட அவரு கேக்கவே இல்லியே" என்றாள். அவர் மறு வார்த்தை பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவளிடம் வந்து மாட்டிக்கொண்டார், பாவம்.

தூக்குகிறவர்கள் என்று பார்த்தால் எங்களுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு ராஜு அம்மா ஆண்டாள் பக்தை. இவளுக்குத் தலை பின்னி விடுவது அவர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், இவளிடம் மட்டும் தமிழ். வாராவாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரத் தம்பி வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார், தொழுகைக்குப் போய்விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் இவளுக்குப் பிறந்த ஊர். 192 அடிக் கோபுரம் கண்ணில் பட்டதும் முகம் மாறிவிடும். சின்ன வயதில் மார்கழி ஒலிபெருக்கியில் கேட்டே திருப்பாவை முப்பதும் அவளுக்குப் பாடம். எங்கள் கிறிஸ்துமஸும் மார்கழியில்தானே வருகிறது! இதை நம்மவர்கள் சிலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதும், ராக்லண்டு ஐயர் இறந்த அதே 1858-தான். கேட்டு வளர்ந்த தமிழை அவர் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அதனால்தான் நமக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' கிடைத்தது.

இனிப் பண விஷயம். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்று நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் ஆக்கினார்கள். எனக்கு அதைவிடச் சற்று அதிகம். மாத்திரைச் செலவு அதைத் தாண்டும். சாட்சி சொல்லும்போது பலரும், 'கையில் காசில்லை, ஜெபித்தேன், கதவைத் தட்டி ஒருவர் கவர் கொடுத்தார்' என்பார்கள். அவர்களுக்கு நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. எனக்குக் கவர் வரவில்லை. ஓய்வுபெற்றபோது வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் மனையை விற்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துப் படியிறங்கும்போது மனசு கனத்தது நிஜம். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். எனக்கு 'ஆமென்' சொல்லக் கொஞ்சம் நேரமானது. மனை விற்றதைச் சபையில் சாட்சியாகச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்களேன், யாரு எந்திரிச்சுப் போயிடப் போறாங்க" என்றாள்.

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றைய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்குச் சேர்த்து வைத்தவர்களுக்குப் புழு வைத்தது. சம்பளம் வாங்கின காலத்தில் இதெல்லாம் எனக்குப் பாடமாகத்தான் தெரியும். மாதம் பிறந்தால் காசு வந்துவிடும், அப்புறம் எங்கே அன்றன்றைக்கு ஜெபிப்பது? இப்போது காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பி உட்கார வைக்கும்போதுதான் அன்றைய பாடு தெரியும். தலைசுற்றல் இருக்கிறதா, இரவு தூங்கினாளா, இன்றைக்குச் சிரிப்பாளா. நாளையை ஒன்றும் செய்ய முடியாது. முன்பு ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். இப்போது அவ்வளவு பேச்சு இல்லை. "இன்னிக்கும் இருங்க ஆண்டவரே" என்பதோடு பல நாள் சரி, அதற்குள் பால்காரர் மணி அடித்துவிடுவார்.

அவளுடைய கைக்காக இன்னும் ஜெபிக்கிறேன், நிறுத்தவில்லை. ஏழு வருஷத்தில் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் மடங்குகிறது.

பிடியரிசி எடுத்து வைப்பது அவள் மாமியாரிடம் படித்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி தனியே ஒரு டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் படைப்பது. கை விழுந்த பிறகு, "நான் போடுகிறேன்" என்றேன். விடவில்லை. சக்கர நாற்காலியை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனால் இடது கையால் அள்ளிப் போடுகிறாள். பாதி கீழே சிந்தும். அதை நான் பெருக்கி எடுத்துச் சன்னல் திண்டில் போட்டுவிடுவேன். ஏழு மணிக்கெல்லாம் இரண்டு மைனாவும் ஒரு அணிலும் வந்துவிடுகின்றன.