இரண்டாவது அறிவித்தல்

2023 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தபால்பெட்டிக்குள் விளம்பரத் தாள்களோடு ஒரு கடித உறை கிடந்தது. முகவரி தெரிவதற்குச் சன்னல் வெட்டிய உறை. இந்த நாட்டில் அப்படி ஒரு உறை வந்தால் யாரோ காசு கேட்கிறார்கள் என்றுதான் முப்பது வருடமாக எனக்குப் பழக்கம். மேசையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன். மகள்தான் பிரித்தாள்.

“அப்பா, இது பில் இல்லை. ரீகோல். எங்கட பழைய வான்.”

அந்த வானை விற்று இரண்டு வருடமாகிவிட்டது. 2008ஆம் ஆண்டு வான். 2013இல் பாவித்த வானாக வாங்கி எட்டு வருடம் ஓடினேன். பிள்ளைகள் நீச்சலுக்கும் தமிழ் வகுப்புக்கும் அதில்தான் போய் வந்தார்கள். கலியாணவீடு, செத்தவீடு என்று மொன்றியலுக்கு எத்தனை தரம் போயிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. 2021 புரட்டாதியில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பின்புறத் தரிப்பிடத்தில் வைத்து, வவுனியாவில் இருந்து வந்த ஒரு தம்பிக்கு 1,800 டொலருக்கு அதைக் கொடுத்தேன். அவருக்கு மார்க்கம் பக்கம் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. வேலை முடியும் நேரத்தில் பஸ் பிடிப்பது பெரும்பாடு. வானை இரண்டு தரம் சுற்றி வந்தார். ரயரைக் காலால் தட்டினார்.

“அண்ணை, ஏதும் பிழை இருக்கோ?”

“ஒண்டும் இல்லைத் தம்பி. ராசியான வான்.”

பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

கடிதம் வேறு சொன்னது. பின்சில்லுகள் இரண்டையும் தாங்கும் அச்சு உள்ளே வெறுமையான ஒரு இரும்புக் கூடு. குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு, பனிச்சேற்றோடு அதற்குள் புகுந்து தங்கிவிடுகிறது. துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வெளியே வரும். கண்ணுக்குத் தெரியும்போது கனக்கப் பிந்தியிருக்கும். ஓட்டத்தில் அச்சு முறிந்தால் வாகனம் கட்டுப்பாட்டை இழக்கலாம். தயவுசெய்து டீலரிடம் கொண்டு வாருங்கள், செலவில்லாமல் திருத்தித் தருகிறோம். இவ்வளவும் மரியாதையான ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது.

மகள் விரல் வைத்துக் காட்டியது கடிதத்தின் தலைப்பில் இருந்த வேறொரு வரியை. இரண்டாவது அறிவித்தல்.

“அப்ப முதலாவது எங்க அப்பா?”

கடிதத்திலேயே விடை இருந்தது. முதலாவதை 2020இல் அனுப்பியிருக்கிறார்கள். தொற்றுக்காலம். வேலை பாதியாகக் குறைந்து, சன்னல் வைத்த உறைகளைக் கண்டாலே நெஞ்சு இறுகிய காலம். பிரிக்காமலே மீள்சுழற்சித் தொட்டிக்குள் எத்தனை உறைகளைப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு வருடம் பிள்ளைகளை ஏற்றி 401இல் ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பிக்கு ராசியான வான் என்று விற்றிருக்கிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். ஒஸ்ரின் ஏ40. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகையும் மணமும் உடுப்பில் ஊறிக் கிடக்கும். காரில் பிழை என்றால் அதைச் செய்த கம்பனியை யாரும் நினைப்பதில்லை. இங்கிலாந்தில் இருந்தவர்கள் எங்களை எப்போதோ மறந்திருப்பார்கள். கராஜ்காரர் லேத்தில் கடைந்து தருவதுதான் பாகம்.

ஆனால் அப்பா அந்தக் காரை விற்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. காசை எண்ணி வாங்க முதல், வாங்க வந்தவரை உள்ளே இருத்திப் பிழைகளை வரிசையாகச் சொன்னார். இரண்டாம் கியர் துள்ளும். இடதுபக்கப் பின்கதவை உள்ளுக்கிருந்து திறக்கேலாது. மழைக்குப் பிறகு முதல் பிறேக் பிடிக்காது, இரண்டாந்தரம் மிதிக்க வேணும். வந்தவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்தார். அப்பா ஒத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அதே மனிதர் சைக்கிளில் வந்து, “ரேடியேற்றரைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே” என்று எங்கள் வாசலில் நின்றார். விற்றவர் இரண்டு சந்திக்கு அப்பால் இருந்தார். தப்பி ஓட இடமில்லை.

இங்கே அந்த வேலையைக் கடிதம் செய்கிறது. கனடாவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. வாகனத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால் கம்பனி அரசுக்கும் உரிமையாளருக்கும் அறிவிக்க வேண்டும். ஆனால் கம்பனி தானாக மீளழைக்காவிட்டால், மீளழைக்கும்படி ஆணையிடும் அதிகாரம் மத்திய போக்குவரத்து அமைச்சருக்கு 2018 மார்ச்சில்தான் கிடைத்தது.

கடிதம் பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2014இல் ஜெனரல் மோட்டர்ஸ் மீளழைத்த 26 இலட்சம் கார்கள் உதாரணம். சாவித்துளையில் இருந்த ஒரு சிறிய ஸ்விட்ச் தளர்ந்திருந்தது. சாவிக்கொத்தின் பாரத்துக்கோ வீதியின் குலுக்கத்துக்கோ சாவி தன்பாட்டில் திரும்பும். எஞ்சின் நிற்கும். ஸ்ரியரிங் இறுகும். மோதினால் காற்றுப்பை விரியாது. கம்பனிக்குள் சிலருக்கு அந்தக் குறை பல வருடமாகத் தெரிந்திருந்தது. பின்னர் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. திருத்தும்வரை சாவிக்கொத்தில் சாவியைத் தவிர வேறெதையும் தொங்கவிட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் ஆட்களின் சாவிக்கொத்துகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையார், வேல், வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, ஊருக்குப் போனபோது வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு.

தகாட்டா காற்றுப்பைகளின் கதை இன்னும் பெரிது. பையை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று, வருடக்கணக்கான வெக்கையிலும் ஈரப்பதனிலும் கெட்டுப்போய், விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்தது. அதன் உலோகக் கூடு சிதறி ஆட்களைக் குத்தியது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 கோடி 70 இலட்சம் காற்றூதிகள் மீளழைக்கப்பட்டன. தகாட்டா 2017 யூனில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. வெக்கையும் ஈரமும் கூடிய மாநிலங்களுக்கு அங்கே முன்னுரிமை கொடுத்தார்கள். அதை வாசித்தபோது எனக்குக் கிளிநொச்சியில் இருக்கும் மச்சானுடைய கார்தான் நினைவுக்கு வந்தது. யப்பானில் யாரோ ஓடிக் கழித்து, கப்பலேறிக் கொழும்பில் இறங்கிய கார். அந்தக் காருக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டிருந்தால், அது யப்பானில் முதல் உரிமையாளரின் வாசலுக்கல்லவா போயிருக்கும். அன்றிரவே மச்சானுக்கு வட்சப்பில் எழுதினேன், சட்டக இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி. என் கடிதம் என் மேசையில் கிடந்தது.

உறைக்குள் ஒரு சிறிய அட்டையும் இருந்தது. வாகனம் இப்போது உங்களிடம் இல்லையென்றால் புதிய உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள். மூன்று வெறும் கோடுகள். எனக்குத் தெரிந்தது அவருடைய முதற்பெயர் மட்டும். தொலைபேசி இலக்கம் பழைய போனோடு போய்விட்டது. விற்பனையை நான் சட்டப்படிதான் செய்தேன். ஒன்ராறியோவில் தனியாள் விற்பவர் கொடுக்க வேண்டிய தகவல் பொதியை வாங்கிக் கொடுத்தேன். அதில் முன்னைய உரிமையாளர்கள் இருந்தார்கள், வாகனத்தின் மேல் கடன் இருக்கிறதா என்பது இருந்தது. திருத்தப்படாத ரீகோல் இருக்கிறதா என்பது இல்லை. அவர் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்துத்தான் பதிந்தார். கூட்டுக்குள் இருந்த துரு அந்தப் பரிசோதனையின் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை தேடிப் புறப்பட்டேன். எல்ஸ்மியருக்குத் தெற்கே ஒரு பேஸ்மன்றில் இருப்பதாக அவர் சொன்னது நினைவிருந்தது. அங்கே எத்தனை பேஸ்மன்றுகள்! கென்னடி வீதித் தமிழ்க்கடையில் கேட்டேன். பெயரைச் சொன்னால் நாலு பேரைச் சொன்னார்கள். கடைசியில் கென்னடிக்கும் மிட்லண்டுக்கும் இடையில் இருக்கும் கராஜ் ஒன்றுக்குப் போய், ஆளை விட்டு வானைச் சொன்னேன். சாம்பல் நிறம், வலதுபக்கக் கதவில் நெளிவு, பின்கண்ணாடியில் பாதி கிழிந்த ஒட்டி. பிறேக் மாற்றிக்கொண்டிருந்த அண்ணை நிமிராமலே, “அது போன மாதம் இஞ்சை நிண்டதல்லோ” என்றார். எண்ணெய்க் கையால் போனைத் தடவி இலக்கத்தை எடுத்துத் தந்தார்.

போனில் அந்தத் தம்பி முதலில் நம்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, விற்றவன் எடுத்து, உங்கள் வானில் குறை இருக்கிறது, இலவசமாகத் திருத்துவார்கள், வாருங்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? டீலரிடம் போனால் வேறு பிழைகளையும் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கில் கேட்பார்கள் என்று பயந்தார். ஒரு இரவுச் சம்பளம் போய்விடும் என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை அவர் வந்து இறங்கியபோது, பின் ஆசனத்தில் குழந்தை இருக்கை கட்டியிருந்தது. மனைவி போன வருடம் வந்துவிட்டாராம். பிள்ளைக்கு ஐந்து மாதம்.

வரவேற்பில் இருந்தவர் வாகன அடையாள இலக்கத்தைக் கேட்டார். முன்கண்ணாடியின் கீழ், ஓட்டுபவர் பக்க மூலையில் பொறித்திருக்கும் 17 எழுத்தும் இலக்கமும்தான் அது. அதைத் தட்டியதும் திரையில் வந்துவிட்டது. திருத்தம் இன்னும் செய்யப்படவில்லை. எத்தனையாவது உரிமையாளர் என்று அவர் கேட்கவே இல்லை. அதே இலக்கத்தை 2020இல் நான் வீட்டுக் கணினியில் கம்பனியின் பக்கத்தில் தட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வானை லிப்டில் உயர்த்தினார்கள். மெக்கானிக் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே பார்க்கச் சாதாரணமான பழுப்பு நிறம். ஸ்குறூ டிறைவரின் முனையால் மெல்ல அழுத்தினார். அது உள்ளே போனது. துருத்தூள் சொரிந்து நிலத்தில் விழுந்தது. இதை ஓட்டிக்கொண்டு போக விடமாட்டோம், வேறு கார் தருகிறோம் என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் குழந்தை இருக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

காத்திருக்கும் இடத்தில் அதை மடியில் வைத்தபடி, கடிதத்தைத் தரச் சொல்லிக் கேட்டார். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“அண்ணை, இதில இரண்டாவது எண்டு கிடக்கு. முதலாவது எப்ப வந்தது?”

போனில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். சொன்னேன். வான் என்னிடம் இருந்தபோதே வந்தது, பிரிக்காமல் எறிந்துவிட்டேன், வாசித்திருந்தால் உங்களுக்கு இப்படிக் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துகொண்டு போனது. விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

அவர் கனநேரம் லிப்டில் நின்ற வானையே பார்த்தார்.

“காசு வேண்டாம் அண்ணை. நீங்களும் பிள்ளையளோட இதிலதானே ஓடித் திரிஞ்சனீங்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்துத் திருத்தி முடித்ததாக அழைத்தார்கள். பற்றுச்சீட்டில் புதிய அச்சு, கூலி எல்லாம் வரிவரியாக இருந்தன. கட்டவேண்டிய தொகை 0.00. தம்பி அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு நான் அந்த அட்டையை நீட்டினேன். மூன்று கோடுகள். பெயரை எழுதினார். வீதியின் பெயரை எழுதினார். அங்கே பேனை நின்றது.

“அண்ணை, பேஸ்மன்ற் எண்டும் போடவோ?”

“போடுங்கோ தம்பி. அப்பதான் கைக்கு வரும்.”